சோணை

இடது காது, என்பேன்.
தோன்கா கம்பளித் தொப்பியைக் கழற்றி
நரைமுடியை ஒதுக்கிக் காட்டுவார்
பரிசோதகரிடம் பயணச்சீட்டை நீட்டுகிறமாதிரி.
முப்பத்தொரு வருடம்
சாக்ரெப் நகரின் நீல டிராமை ஓட்டியவர்.
ஓய்வுபெற்றும் தூக்கத்தில்
வலது கால் பிரேக்கை மிதிக்கிறது.
மிதித்ததும் விழிப்பு, விழித்ததும் படபடப்பு,
பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்தபடி.

முதல் நாள் விளக்கினேன்:
மூளையின் தண்டில் கிளம்பி
தொண்டையில் நின்று இதயத்தில் நின்று
இரைப்பையைச் சுற்றிக்கொண்டு
குடல்வரை போகிற நரம்பு.
லத்தீனில் அதற்கு அலைகிறவன் என்று பெயர்,
எண் பத்து.
எண் இருந்தால் கால அட்டவணையும் இருக்குமே, என்றார்.
இல்லை என்றதும்
முகம் சுளித்தார், ஓட்டுநர் என்ற முறையில்.

அதன் ஒரு கிளை மட்டும்
என்ன நினைத்ததோ
உள்வேலைகளை விட்டு வெளியே வந்து
காதுத்துளைக்கு மேலே
படகாய்க் குழிந்த இடத்தில் தோலோடு தோலாய்ப் படுத்திருக்கிறது.
கத்தி வேண்டாம். கழுத்தைத் திறக்க வேண்டாம்.
ஒரு கவ்வி, நொடிக்கு இருபத்தைந்து துடிப்பு,
எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு.
பாதிப் பேருக்கு அங்கே.

மீதிப் பேருக்குச் சோணையில்.
கம்மல் தொங்குகிற இடம்.
அந்த நரம்பு அந்தப் பக்கம் வருவதே இல்லை.
அதே கவ்வி, அதே எறும்பு.

பாதிப் பேருக்குச் சும்மா என்று
கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டோம்.
எந்தப் பாதி என்பது கணினிக்கும்
கவ்வி மாட்டுகிற எனக்கும் தெரியும்.
இதயத்தை அளக்கிற விடோவுக்குத் தெரியக்கூடாது.
ஊரில் காதும் காதும் வைத்தமாதிரி கல்யாணம் முடிப்பார்கள்,
நாங்கள் விஞ்ஞானம் முடிக்கிறோம்.

தோன்காவுக்குச் சோணை.

வியாழன்தோறும் நான்கு மணி.
ஜன்னலில் மலை தெரியாத மூடுபனி.
கவ்வியை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம்
நான் பேசக்கூடாது, விதிமுறை.
அவர் பேசலாம்.
மூன்றாம் வாரம்: ஐந்து மணி நேரம் தூங்கினேன், நெவென்கா.
ஐந்தாம் வாரம்: கால் அசையவில்லையாம்,
பூனை காலடியிலேயே படுத்திருந்ததாம், அதுதான் சாட்சி.
எட்டாம் வாரம் விடோ அறைக்கு வந்து
யார் இது, இதயம் இவ்வளவு அழகாக இளகியிருக்கிறதே என்றான்.
நான் காதில் வாங்காததுபோல்
கவ்வியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
ஆனால் அவர் தூங்கத் தூங்க
திரையில் என் இரண்டு கோடுகளும்
ஒன்றை ஒன்று நெருங்கின.
ஒரு கிழவியின் நல்ல தூக்கத்தை
ஒரு கணம் வெறுத்தேன்.
எழுதிவைக்கிறேன், எந்த அட்டவணையிலும்
இதற்குக் கட்டம் இல்லை.

ஜனவரியில் முடிவு வந்தது.
வித்தியாசம் உண்டு என்று சொல்லத் துணிவில்லை,
இல்லை என்று சொல்ல மனமில்லை.
இன்னும் அதிகம் பேர் தேவை என்று எழுதினோம்,
எல்லோரும் எழுதுவதுபோல.

பிறகு ஆளுக்கொரு மடல்.
அவருடையதை நான்கு முறை அடித்துத் திருத்தினேன்.
மதிப்புக்குரிய தோன்கா அவர்களுக்கு,
மின்சாரம் வந்தது,
நரம்புக்கு வரவில்லை.

தொலைபேசியில் அழைத்தார்.
பின்னணியில் ஏதோ கொதிக்கிற சத்தம்.
அப்படியானால், நெவென்கா,
என் காலை நிறுத்தியது யார்?

பதினாறு ஆய்வுக்கட்டுரைகள் மேஜையில் விரிந்து கிடந்தன.
எனக்குத் தெரியாது என்றேன்.
சரி, என்றார். வியாழக்கிழமை
அந்த நாற்காலி காலியா?

நாற்காலி அடுத்த ஆய்வுக்குப் போய்விட்டது.
அதைச் சொல்வதற்குள் பால் பொங்கிவிட்டது என்று வைத்துவிட்டார்.

விளக்கணைக்கும் முன்
எதற்கென்று தெரியாமல்
பஞ்சுக்குச்சியை என் காதுக்குள் விட்டேன்.
இருமல் வந்தது.
காதைத் தொட்டால் தொண்டை பதில் சொல்கிறது,
வழி இருக்கிறது, எங்கோ உள்ளே,
அட்டவணை இல்லாமல்.
இன்னொருமுறை தொட்டேன்.
இந்த முறை எதுவும் வரவில்லை.